கொலுப் படிக்குக் கீழே ஒரு ஸ்டேஷன்

என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்லாதவர்கள் குறைவு. கல்யாணத்துக்கு முன்னால் என் அம்மா சொன்னாள், பிறகு என் கணவர் சொன்னார், ஆபீஸில் கூட வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். ஆபீஸில் மட்டும் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள். தொண்ணூறுகளின் நடுவில் தி.நகரில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதியது சரியாகத்தான் ஓடும் என்று நம்புகிறவர்களுக்கு அந்த வேலை சரிப்பட்டு வராது. ஓடினாலும், ஏன் ஓடுகிறது என்று கேட்கத் தெரிய வேண்டும். அந்தக் கேள்வியை மேஜை டிராயரில் பூட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீடு மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் மாடிப் போர்ஷன். நான், என் கணவர், மாமியார் என்று மூன்று பேர். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். ஹாலில் சந்தன மாலை போட்ட படத்தில் இருந்து எங்களை முறைத்துக்கொண்டிருப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "ஒரே பிள்ளை, பிக்கல் பிடுங்கல் எதுவும் கெடையாது" என்று தரகர் சொன்னதை என் அம்மா அடையாறில் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள். எனக்கு அப்போதே லேசாக உறுத்தியது. யாரும் கேட்காத ஒன்றைத் தரகர் ஏன் இரண்டு தடவை சொல்ல வேண்டும்?

கல்யாணமான மறுவருஷமே என் கணவரைக் கம்பெனியில் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம் நான் மாமியாரோடு இருந்தேன். திரும்பி வருகிறவர்கள் கேமரா, சென்ட் பாட்டில், சாக்லேட் கொண்டுவருவார்கள். இவர் பெட்டி நிறைய ரயில் கொண்டுவந்தார். ஒரு சாண் நீளத்தில் மூன்று என்ஜின்கள், அவற்றுக்கான பெட்டிகள், துண்டு துண்டாகத் தண்டவாளம், எரியும் சிக்னல் கம்பங்கள். பொம்மை ரயில் என்று சொன்னால் அவருக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அது டிஜிட்டல் ரயில். ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் ஒரு சின்ன சிப்பும் அதற்கென்று ஒரு எண்ணும் உண்டு. மூன்றும் ஒரே தண்டவாளத்தில் நின்றாலும், இரண்டாம் எண்ணே புறப்படு என்றால் அது மட்டும் புறப்படும். தடம் பிரிகிற இடங்களுக்கும் அப்படியே எண் உண்டு. இந்தக் கட்டளைகளைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்ப ஒரு கேபிளும் ஒரு கறுப்புப் பெட்டியும் கூட வந்திருந்தன. என் ஆபீஸில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தேன்.

மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஹாலை அடைச்சுண்டு வருஷம் முழுக்கப் பலகை கெடக்கப்படாது. கொலுவுல பார்க் போடற எடத்துல வேணா வெச்சுக்கோங்கோ." ஆகவே நவராத்திரிதான் எங்களுக்குக் கெடு. தண்டவாளமும் ஒயரும் என் கணவர் பொறுப்பு, புரோகிராம் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். கொலுப் படிகளுக்கு முன்னால் ஸ்டேஷன், இரண்டு நடைமேடை. அங்கிருந்து தண்டவாளம் வளைந்து படிகளுக்கு அடியில் நுழைந்து, இருட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கம் வெளியே வரும். இரண்டு ரயில் ஒரே தடத்துக்கு ஆசைப்பட்டால் முதலில் வந்ததற்கு வழிவிட்டு மற்றதைச் சிவப்பு விளக்கில் நிறுத்த வேண்டும். முதல் ரயில் நடைமேடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றதைக் கிளப்ப வேண்டும். இதையெல்லாம் நான் சாயங்கால வேளைகளில் உட்கார்ந்து எழுதினேன்.

ரயில் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கண்ணா இருக்கிறது? அதற்காக அங்கங்கே சில தண்டவாளத் துண்டுகளைத் தனியாகப் பிரித்து அவர் ஒயர் கொடுத்திருந்தார். இரும்புச் சக்கரம் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் சேர்த்துத் தொட்டால், ரயில் வந்துவிட்டது என்று கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். சோதித்துப் பார்க்க ஒவ்வொரு தடவையும் ரயிலை ஓட்டச் சோம்பல்பட்டுக்கொண்டு, சமையலறையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து வந்து தண்டவாளத்தின் குறுக்கே வைப்பார். திரையில் எழுத்து மாறும்.

"ரயில் வந்துடுத்துன்னு நெனச்சுண்டுடுத்து பாரு, அசடு" என்பார்.

"அசடு அது இல்லை. சமைக்கற நேரத்துல ஸ்பூனைத் தூக்கிண்டு போறானே, அவன்" என்று மாமியார் அடுப்படியிலிருந்து சொல்வார்.

வழி எல்லாம் சரியான பிறகு சத்தத்துக்கு வந்தோம். ஒரு என்ஜினோடு வந்தது ஜெர்மனிக்காரப் புகைவண்டிச் சத்தம். மயிலாப்பூர் கொலுவில் அது எதற்கு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நம்மூர் மின்சார ரயிலின் ஹாரன் வேண்டும், பாலத்தில் தடதடக்கிற சத்தம் வேண்டும், கடலைக்காரர் குரல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். அவர் கொண்டுவரும் கேசட்டை நான் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, வேண்டியதை வெட்டி எடுத்து, எந்தத் தண்டவாளத் துண்டில் சக்கரம் பட்டால் எந்தச் சத்தம் வர வேண்டும் என்று எழுதி வைப்பேன்.

புரட்டாசி பிறந்த சமயம் வந்த கேசட்டில் ஒரு பெண் குரல் இருந்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கடற்கரை வரை செல்லும் மின்சார ரயில் இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும்." நல்ல குரல். கொஞ்சம் கம்மல், ஆனால் எழுத்து எழுத்தாக விழுந்தது.

"இதை எங்க எடுத்தேள்?"

"மாம்பலம் ஸ்டேஷன்ல."

நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அப்படி முந்திக்கொண்டு வருகிற பதிலை நான் நம்புவதில்லை. மாம்பலம் ஸ்டேஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரங்கநாதன் தெருக் கூட்டம் முழுக்க இறங்கும். இந்தக் கேசட்டில் கூட்டமே இல்லை. குரலுக்குப் பின்னால் ஏதோ கடகடவென்று ஓடி ஓடி நின்றது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். அது ரயில் இல்லை, தையல் மிஷின். அறிவிப்பு முடிந்து, ரெக்கார்டரை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு அதே குரல், "போறுமாடா?" என்றது.

என் கணவரை டா போட்டுக் கூப்பிடுகிற பெண் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் அந்த நிமிஷம் உள்ளே ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். மாம்பலத்தில் அறிவிப்புச் செய்கிற எந்த அம்மாளும் பயணியைப் பார்த்து டா என்று கேட்க மாட்டாள். அதோடு "போறுமா" என்பது எங்கள் வீட்டுத் தமிழ். ஆகவே இவள் எங்களைப் போன்ற வீட்டில் பிறந்தவள், இவரோடு காலேஜில் படித்தவள், இவர் ஜெர்மனியில் இருந்தபோதும் மறக்காதவள் என்று அரை மணி நேரத்தில் அவளுக்கு ஒரு ஜாதகமே எழுதிவிட்டேன். அது உண்மையானால் அடையாறுக்குப் போய் அம்மாவோடு இருந்துவிடுவது என்றும் தீர்மானித்தேன். சம்பளம் இருந்தது, பஸ் இருந்தது. ஆனால் அந்த மனுஷரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதுதான் கஷ்டம்.

அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தப்பு எங்கே என்று தெரிவதற்கு முன்னால் புரோகிராமில் கை வைக்கக் கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பி வந்ததும் சட்டையைத் துவைக்கப் போடுகிற சாக்கில் பார்த்தேன். தோளில் ரோஜாக் கலரில் ஒரு நூல். பேன்ட் மடிப்பில் கிளிப்பச்சையில் இரண்டு.

"இது என்ன நூல்?"

"ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்தேனே, ஒட்டிண்டிருக்கும்."

எந்த ஊர் ஸ்டேஷன் பெஞ்சில் ஐயா கிளிப்பச்சை நூல் கிடக்கிறது? நூலை எடுத்து ஒரு குங்குமச் சிமிழில் போட்டு வைத்தேன்.

இதற்கு நடுவில் அந்தக் குரலை வெட்டி ஒழுங்கு பண்ணுகிற வேலையும் என் தலையில்தான். அவள் மூச்சு விடுகிற இடத்தைக் குறைக்க வேண்டும், தையல் மிஷின் சத்தத்தை அமுக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருத்தியின் மூச்சைக் காதுக்குள் வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஒரு தடவை மொத்தத்தையும் அழித்துவிடக் கை போனது. சாட்சியை அழிக்கக் கூடாது என்று நிறுத்திக்கொண்டேன். அழிப்பதற்குப் பதிலாகச் சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டிக் கேட்டேன். மிஷினுக்கும் பின்னால், தெருவில் ஒரு பஸ் நிற்கிறது. கண்டக்டர் கத்துகிறார். "சைதாப்பேட்ட, சைதாப்பேட்ட, எறங்கு எறங்கு!" ஆக, அது மாம்பலமே இல்லை.

நவராத்திரி வந்தது. முதல் நாள் சாயங்காலமே அக்கம்பக்கத்துப் பெண்கள் பட்டுப்புடவை சரசரக்க வந்துவிட்டார்கள். ஒருத்தி பாடினாள், ஒருத்தி பாட மாட்டேன் என்று பத்து நிமிஷம் சொல்லிவிட்டு இரண்டு பாட்டுப் பாடினாள். நான் பக்கத்து அறையில் கம்ப்யூட்டரைத் தட்டினேன். படிக்கு அடியிலிருந்து ரயில் வெளியே வந்து குறிப்பிட்ட இடத்தைத் தாண்டியதும், தசாவதார செட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஸ்பீக்கரில் அந்தக் குரல், பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் கதவிடுக்கில் நின்று என் கணவரைப் பார்த்தேன். அவ்வளவு பாடுபட்டுப் பூட்டிய ரயிலை அவர் பார்க்கவே இல்லை. தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் தொன்னையில் சுண்டல் போட்டுக்கொண்டிருந்தார். கரண்டி பாதி வழியில் நின்றது. பிறகு சுண்டலைப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "சத்தம் ஜாஸ்தியா இருக்கு. கொறை" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தேன். மாமியாருக்கும் இவளைத் தெரியும். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து என்னிடம் ஏதோ மறைக்கிறார்கள். இரண்டு வருஷம் நான் இந்தம்மாவோடு ஒரே அறையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபத்தில் சத்தத்தைக் குறைக்காமலே விட்டேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இன்னொரு சங்கடம் ஆரம்பித்தது. பகலில் யாராவது கொலு பார்க்க வருவார்கள் என்று நாங்கள் எல்லாவற்றையும் போட்டபடி வைத்துவிட்டு ஆபீஸ் போவோம். மாமியார் ஒரு பொத்தானைத் தட்டினால் ரயில்கள் கிளம்பும்படி எழுதியிருந்தேன். ஆனால் நான் சாயங்காலம் வரும்போது மூன்று ரயிலும் சிவப்பு விளக்கில் அசையாமல் நிற்கும். பொத்தானைத் தட்டினாலும் கிளம்பாது. திரையில், முதலாவது நடைமேடைக்கு ரயில் வந்துகொண்டிருக்கிறது என்று இருக்கும். எந்த ரயிலும் வரவில்லை. வராத ஒரு ரயிலுக்காகத் தடத்தை ஒழித்து வைத்துவிட்டு மற்ற எல்லாம் காத்துக்கொண்டிருந்தன. நிறுத்தி மறுபடி போட்டால் சரியாகிவிடும். மறுநாள் மறுபடி அதே கதை. ஒரு தடவை வந்தவர்கள் முன்னாலேயே அப்படி நின்று, "கம்ப்யூட்டர்னாலே இப்படித்தான்" என்று ஒரு மாமி எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்குக் காது சிவந்துபோனது.

"என் புரோகிராம்ல கை வெச்சேளா?" என்று அன்றைக்கு அவரை நேராகக் கேட்டேன்.

"நான் எதுக்கு வைக்கப்போறேன்?"

"எதையாவது மறைக்கறவா எதை வேணாலும் பண்ணுவா."

அவர் முகம் வெளிறியது. அது போதும் எனக்கு. ஆனாலும் ஃப்ளாப்பியில் இருந்த பழைய பிரதியோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தேன். நடைமேடைக்கு முன்னால் இருக்கிற துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர். முகர்ந்தால் துளசி வாசனை. யார் தண்டவாளத்துக்குத் தீர்த்தம் கொடுத்தார்கள் என்று யோசித்து, விடை தெரியாமல், அதையும் கணவர் கணக்கில் எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் டேப் ரெக்கார்டரோடு கிளம்பிய கொஞ்ச நேரத்தில், கொலுவில் எனக்கு வந்த ஒரு ப்ளவுஸ் பிட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன். சைதாப்பேட்டை மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, கண்டக்டர் குரல் கேட்கிற தூரத்தில் என்னென்ன தையல் கடை இருக்கிறது என்று பார்த்தேன். முதல் கடையில் ஆண்கள் மட்டும். இரண்டாவது பூட்டியிருந்தது. மூன்றாவதை நெருங்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னாம்மா நீ, நேத்தே சொன்னேன்ல? ஊக்கு வெக்கிற வேலதான் பாக்கி கீது. மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வா, குடுத்துர்றேன்."

வார்த்தை வேறு, குரல் அதேதான். எத்தனை மணி நேரம் காதில் வைத்திருந்தேன், எனக்குத் தெரியாதா? உள்ளே நுழைந்தேன். மிஷினுக்கு முன்னால் நாற்பதை நெருங்கும் ஒரு பெண்மணி, கழுத்தில் இன்ச் டேப். வெட்டும் மேஜையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர். ஸ்டூலில், கையில் டீ கிளாஸோடு என் கணவர். என்னைப் பார்த்ததும் பாதி டீயை அவர் தன் மேலேயே கொட்டிக்கொண்டார்.

"இது யாருடா?" என்றாள் அந்தப் பெண்மணி. பிறகு என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "உன் ஆத்துக்காரியா?" என்றாள். அந்த நிமிஷம்தான் அவள் மூக்கை நான் பார்த்தேன். அது என் மாமியாரின் மூக்கு.

சொந்த அக்கா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், உருது பேசும் முஸ்லிம் தையல்காரர் குடும்பத்துப் பிள்ளையை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். வெட்டும் மேஜையில் நின்றவர்தான் அவர். என் மாமனார் அன்றைக்கே அவள் படங்களை எடுத்துவிட்டு, இந்த வீட்டுக்கு ஒரே பிள்ளைதான், வேறு பேச்சு இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். தரகர் சொன்ன வாக்கியம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு அப்போது விளங்கியது. மாமனார் போன அன்றைக்கு அவள் வந்து எதிர்ச் சாரியில் நின்றிருக்கிறாள். மாடியிலிருந்து அம்மா பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு இவளும் அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வந்தது. "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று நடுக்கடையில் கத்தினேன்.

"நீ வாய் தவறி அம்மாகிட்ட சொல்லிடுவியோன்னு சந்தேகமா இருந்தது" என்றார்.

சந்தேகம்! என் மேல்! வெட்டும் மேஜைக்காரர் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. டீ சொல்லட்டா?" என்றார். "சொல்லுங்கோ அத்திம்பேர்" என்று என் கணவர் முந்திக்கொண்டார். அக்கா புருஷனை அவர் உரிமையோடு அழைத்த அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் என் கோபத்தில் பாதி வடிந்துவிட்டது.

அம்மா முன்னால் அக்கா பேரைச் சொல்ல முடியாது, படம் காட்ட முடியாது, குரலாவது வீட்டுக்குள் போகட்டும் என்றுதான் இதைச் செய்தாராம். அக்கா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா கேட்டாளா? ஏதாவது சொன்னாளா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "கேட்டா. சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு சொன்னா."

"வேற ஒண்ணும்?"

"இல்லை."

அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். "அவளுக்குத் தெரியலை போல இருக்கு. என் குரல்தான் மாறிப்போச்சே" என்றாள். அடையாறுக்குப் போகிற கவலை எனக்குத் தீர்ந்தது. ஆனால் வேறொரு கவலையை அவள் என் கையில் கொடுத்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் வேண்டாம் என்று இருக்கிறாரா? இரண்டில் எது அவளுக்கு அதிகம் வலிக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. காலையிலேயே மாமியார் புத்தகங்களோடு கம்ப்யூட்டரையும் பூஜையில் சேர்த்துவிட்டார். திரைக்கு நடுவில் சந்தனம், குங்குமம். கறுப்புப் பெட்டிக்கு ஒரு பூ. ஃப்ளாப்பிகள் பட்டுத் துணியில். "நாளைக்குப் புனர்பூஜை ஆறவரைக்கும் யாரும் தொடப்படாது" என்று உத்தரவு. அன்றைக்கு எனக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து அறையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஹாலில் சின்னதாக டிங் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து மறுபடி டிங்.

எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன். மாமியார் கொலுவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் பூஜைப் பஞ்சபாத்திரத்து வெள்ளி உத்தரணி, தீர்த்தம் எடுக்கிற சின்ன ஸ்பூன். அதைத் தண்டவாளத்தின் குறுக்கே, நடைமேடைக்கு முன்னால் இருக்கிற அந்தத் துண்டில் சரியாக வைத்தார். தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். எடுத்தார். புடவைத் தலைப்பால் துடைத்தார். மறுபடி வைத்தார்.

நான் வந்து பின்னால் நின்றது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பவில்லை.

"இன்னிக்கு ஏன் பேச மாட்டேங்கறா?" என்றார்.

நாங்கள் ஆபீஸ் போன பிறகு, தனியாக, நாள் தவறாமல் இப்படி உட்கார்ந்திருக்கிறார். ஸ்பூன் வித்தையைப் பார்த்து வைத்துக்கொண்டு, ரயிலே இல்லாமல் அந்தக் குரலை மட்டும் வரவழைத்திருக்கிறார். வராத ரயிலுக்காக மூன்று ரயிலும் நின்றது இதனால்தான்.

"கம்ப்யூட்டர் பூஜையில இருக்கும்மா."

"ஆமாம்" என்றார். "நான்தானே வெச்சேன்."

கம்ப்யூட்டரைப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பூஜையில் வைத்ததைத் தொட்டுப் பழக்கம் இல்லை. "தொண்டை கட்டியிருக்கு இல்லே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். உத்தரணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் சைதாப்பேட்டை போய் வந்தது அவருக்கு எப்படித் தெரியும், அல்லது தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் என்னை விடப் பெரிய சந்தேகப் பிராணி ஒருவர் இருந்தார் என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் விஜயதசமி. புனர்பூஜை ஆனதும் ஆளுக்கு ஒரு பக்கம் படித்தோம். "நீயும் உன்னோடதைத் தொடு" என்றார் மாமியார். கம்ப்யூட்டரைப் போட்டேன். ரயில் படிக்கு அடியிலிருந்து வந்தது, அக்காவின் குரல் ஒலித்தது. மாமியார் அது முடிகிறவரை நின்று கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், நன்றாக மடித்த ஒரு ப்ளவுஸ் பிட். நவராத்திரிக்கு வந்த எல்லோருக்கும் கொடுத்ததுதான்.

"நவராத்திரி முழுக்க நம்மாத்துக்கு வந்து பேசியிருக்கா. வெத்தல பாக்கு வாங்கிக்காம போகப்படாது" என்றார். என் கணவர் கையை நீட்டினார். மாமியார் அதை ஒதுக்கிவிட்டுப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். "நீ போய்க் குடுத்துட்டு வா."

அன்று மத்தியானமே சைதாப்பேட்டை போனேன். கடையில் அக்காவும் அத்திம்பேரும் இருந்தார்கள். பொட்டலத்தை நீட்டி, அம்மா கொடுத்தனுப்பினாள் என்றேன். அக்கா கையை நீட்டவில்லை.

"அம்மாவா? நெஜத்தைச் சொல்லு. என் தம்பிதானே வாங்கிக் குடுத்தான்? நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அவன் இதெல்லாம் பண்ணுவான்."

சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. நான் ஊரையெல்லாம் எப்படிப் பார்ப்பேனோ அப்படி என்னைப் பார்த்தாள். கடைசியில், வாங்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்பதற்காகத்தான் வாங்கினாள். வெற்றிலையை ஒதுக்கி வைத்துவிட்டு, தொழில் புத்தி, ப்ளவுஸ் பிட்டை உதறிப் பிரித்தாள். அரக்குக் கலர். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தவள் நின்றுவிட்டாள். மேஜை ஓரத்தில் அடித்திருந்த பித்தளை ஸ்கேலில் வைத்து அளந்தாள்.

"கொலுவுக்குன்னு கடையில மடிச்சு வெச்சுக் குடுக்கறது எம்பது சென்டிமீட்டர்" என்றாள். "பத்து நாளா அதைத்தான் தெச்சுண்டிருக்கேன். இது ஒரு மீட்டர் முழுசா இருக்கு. கேட்டுக் கிழிச்சு வாங்கியிருக்கா."

எனக்கு அது தெரியாது. வாங்கப் போனதே தெரியாது.

"அவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "இத்தனை வருஷத்துல நான் பெருத்திருக்கேனா எளச்சிருக்கேனான்னு அவளுக்குத் தெரியாதே. பத்தாம போயிடுமோன்னு கொஞ்சம் கூடுதலா வாங்கியிருக்கா."

மிஷின் மேலே தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அத்திம்பேர் பக்கத்தில் வந்து நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல், துணியை மேஜையில் விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தார். அக்கா தலையைத் தூக்கினாள்.

"வெட்டாதீங்க" என்றாள். "மிச்சத்தை அப்படியே உள்ள மடிச்சுத் தெச்சுக்கறேன்."